அடிச்சட்டமும் அரசுச் சட்டமும்

மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒருவரிடம் இரண்டு வண்டிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று பழைய பிக்கப். பாடி கெட்டி, எஞ்சின் போய்விட்டது. இன்னொன்று டீசல் லாரி. எஞ்சின் நன்றாக ஓடுகிறது. பாடி துருப்பிடித்து உதிர்கிறது. பிக்கப் பாடியைக் கழற்றி லாரி சேஸிஸ் மேல் வைத்தால் என்ன?

சேஸிஸ் என்பது வண்டியின் அடிச்சட்டம். நீளமான இரண்டு இரும்புச் சட்டங்கள், நடுவே குறுக்குச் சட்டங்கள். எஞ்சின், அச்சு, ஸ்பிரிங் பட்டை எல்லாம் இதில்தான் மாட்டியிருக்கும். பாடியை மேலே வைத்து போல்ட் போட்டு இறுக்குவார்கள். ஆனால் இரண்டு வண்டியின் போல்ட் துளைகளும் நேராக வராது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம் வேறு. ஸ்டியரிங் தண்டு, பிரேக் மிதி இடம் மாறும். இங்கே அளவு தப்பினால் உயிருக்கே ஆபத்து.

அடுத்தது அரசுச் சட்டம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவு. கம்பெனி முதலில் குறித்த விவரத்துக்கு ஆர்.சி. விவரம் முரணாகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "ஒன்றும் ஆகாது" என்பார் வெல்டிங்காரர். இந்தத் தண்டனை வண்டியின் சொந்தக்காரருக்கு.

பழைய வண்டி வாங்கப் போகிறீர்களா? அடிச்சட்டத்தில் சேஸிஸ் நம்பர் வெட்டியிருக்கும். அழுக்கைத் துடைத்து, ஆர்.சி.யில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். இப்போதைய வண்டிகளில் எழுத்தும் எண்ணுமாக 17 இருக்கும். ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் அதில் வராது. ஓ போலத் தெரிந்தால் அது பூஜ்யம்.