முந்திப் போட்ட ஊசி

மனைவி அமெரிக்கப் பிரஜையாகவும் கணவன் சாமராஜநகரில் மஞ்சள் மண்டி வைத்திருப்பவனாகவும் அமைந்து, இருவருக்கும் நடுவே ஒரு தூதரகமும் இரண்டு ஆண்டுக் காகிதங்களும் கிடக்குமானால், அந்தக் கணவன் பொறுமையில் பூரணத் தேர்ச்சி அடைந்திருப்பான் என்று எவரும் எண்ணுவது நியாயமே. ஆயினும் நான் அந்தப் பாடத்தைக் கடைசிப் பதினைந்து நாட்களில், இடது புஜத்தில் ஏறிய இரண்டு ஊசிகளின் வாயிலாகத்தான் கற்றேன்.

மனு, கட்டணம், விவாகப் பதிவுச் சான்று, போலீஸ் நற்சான்று ஆகியவற்றைப் பற்றி எழுதிக் காலத்தை வீணாக்க மாட்டேன். அவை கேட்டபடி கொடுத்தால் நடந்துவிடும். நேர்முகம் மும்பையில், அதற்கு முன்னர் தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் தேகப் பரிசோதனை. மைசூருக்குப் போய்க் காவேரி எக்ஸ்பிரஸில் இரவு ஏறிப் படுத்தால் விடியலில் இறங்கிவிடலாம் என்பதால் பரிசோதனைக்கு நான் சென்னையைத் தேர்ந்துகொண்டேன்.

குடியேற வருகிறவர் தடுப்பூசிக்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்ற விதியை அமெரிக்கர்கள் 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்த்தார்கள். பொன்னுக்கு வீங்கி, தட்டம்மை, ருபெல்லா, இளம்பிள்ளை வாதம், ரணஜன்னி, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், மஞ்சள் காமாலையின் பி வகை என்று அதிலேயே பெயர் சொல்லி நிற்கும் வியாதிகளுக்கு மேல், அவர்களுடைய நிபுணர்கள் காலத்துக்குக் காலம் சேர்ப்பவையும் உண்டு, நீக்குபவையும் உண்டு. கொரோனா ஊசி 2021 அக்டோபரில் பட்டியலுக்குள் வந்தது, 2025-இல் வெளியேறியது. இப்படி மாறிக்கொண்டே இருக்கும் ஒரு பட்டியலை, எந்தக் காலத்திலோ அந்த வழியாகப் போனவரிடம் கேட்டறிவது எத்தகைய அவிவேகம் என்பதற்கு நானே உதாரணம்.

என் சகலை 2022-இல் இதே மாதிரி விசாவில் நியூஜெர்சி போனவர். அதன் பின்னர் எங்கள் குடும்பத்தில் குடியேற்றச் சட்டத்துக்கு அவரே பாஷ்யகாரர். "அங்கே போட்டா காசைப் பிடுங்கிருவாங்க தம்பி, ஊசியெல்லாம் ஊர்லயே முடிச்சுட்டுப் போங்க, நான் அப்படித்தான் போனேன்" என்று தொலைபேசியில் அவர் உபதேசித்ததை நான் சிரமேற்கொண்டு, உள்ளூர் வைத்தியசாலை ஒன்றில் ஒரே மாலையில் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்குமான கூட்டு ஊசியையும், சின்னம்மைக்கான ஊசியையும் போட்டுக்கொண்டு, மருந்துக் குப்பியின் சீட்டை ரசீதில் ஒட்டி வாங்கி, பரீட்சையில் முதல் வகுப்பு வாங்கிய மாணவனைப் போல் ரயிலேறினேன்.

சென்னையில் மருத்துவர் அந்த ரசீதைப் பார்த்தார். பாராட்டுவார் என்று நான் காத்திருக்க, அவர் மேஜைமேல் இருந்த நாட்காட்டியை அருகில் இழுத்து, பேனாவின் மூடிய முனையால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு எண்ணினார். ஒன்பதில் நின்றது பேனா. "ஊசி போட்டு ஒன்பது நாள்தான் ஆயிருக்கு. ரத்தம் இன்னைக்கு எடுக்க முடியாது சார். நாலு வாரம் கழிச்சு வாங்க" என்றார். மும்பை நேர்முகத்துக்கு அப்போது ஆறு நாட்களே இருந்தன.

காரணத்தை அவர் விளக்கியபோதுதான் விளங்கிற்று. காசநோய் மிகுந்த தேசங்களிலிருந்து போகிறவர்களில் இரண்டு வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் 2024 அக்டோபர் முதல் ஒரு ரத்தப் பரிசோதனை கட்டாயம்; முன்பு அது சிறுவர்களுக்கு மட்டுமே இருந்தது. நம் ரத்தத்தைக் காசநோய்க் கிருமியின் புரதத்தோடு சேர்த்து, நமது அணுக்கள் அதை அடையாளம் கண்டு கிளர்ச்சி கொள்கின்றனவா என்று பார்ப்பது அந்தப் பரிசோதனை. பிள்ளைப் பிராயத்தில் நம் எல்லோருடைய புஜத்திலும் தழும்பிட்ட பி.சி.ஜி. அதைக் குழப்பாது, ஆனால் நான் போட்டுக்கொண்ட இரண்டுமே பலவீனமாக்கப்பட்ட உயிருள்ள கிருமிகளால் ஆனவை என்பதால், அவை சில வாரம் அந்தக் கிளர்ச்சியை மந்தப்படுத்தி, நோய் இருந்தாலும் இல்லையென்று காட்டிவிடக்கூடும். ரத்தத்தை முதலில் எடுத்துவிட்டு அன்றைக்கே ஊசி போட்டிருந்தால் ஒரு விக்கினமும் இல்லை. சகலை நியூஜெர்சி போன வருஷத்தில் பெரியவர்களுக்கு இந்தப் பரிசோதனையே கிடையாது. ஆகவே அவர் சொன்னது பொய்யன்று, காலாவதியான மெய். அது பொய்யைக் காட்டிலும் ஆபத்தானது.

நேர்முகம் தவறிற்று, மறு தேதி பதினொரு வாரம் கழித்து வந்தது. என்னோடு மும்பைக்கு வருவதற்கென்றே மூன்று வார விடுமுறையில் வந்திருந்த என் மனைவி, தனியாகவே விமானமேறினாள். இது போதாதென்று, வீடு திரும்பியதும் என் தாயார் கேட்டாள்: "ஏழு வயசுல அம்மை வந்து பதினொரு நாள் வேப்பிலையில கெடந்தயே, அதுக்காகத்தானே பண்ணாரியில நான் குண்டம் எறங்கினேன், அதையாச்சும் சொன்னயா கண்ணு?" சொல்லவில்லை. சின்னம்மை முன்பே வந்து போனது மருத்துவருக்குத் திருப்தியாக நிரூபணமானால் அந்த ஊசியே வேண்டியதில்லை என்பதும் பிறகே தெரிந்தது.

ஆகையால், போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பரிசோதனைக்கு முன்னுள்ள ஆறு வாரத்தில் உயிருள்ள கிருமி ஊசி எதையும் ஊரில் போட்டுக்கொள்ளாதீர்கள். மிச்சமாகும் காசு ஒரு விமானச் சீட்டின் மாற்றுக் கட்டணத்துக்குக் காணாது. பழைய அட்டை இருந்தால் தேதியோடு கொண்டுபோங்கள். 'எல்லாம் போட்டாயிற்று' என்று தெரிந்த வைத்தியர் எழுதிக் கொடுக்கும் கடிதம் செல்லாது. 2017-இல் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் பள்ளிகள்தோறும் போட்ட ஊசி தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும் மட்டுமே. அதில் பொன்னுக்கு வீங்கி சேரவில்லை. ஆணி குத்தியபோது போட்ட, ரணஜன்னிக்கு மட்டுமான டி.டி. ஊசியில் தொண்டை அடைப்பானுக்கு மருந்தில்லை. பல தவணை ஊசிகளுக்கு அன்றைய தவணை ஒன்று போதும். மஞ்சள் காமாலை ஊசி முடிய ஆறு மாதம் ஆகுமே என்று அஞ்ச வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு உயிருள்ள கிருமி ஊசி போடுவதில்லை. அந்தக் காரணத்தை மருத்துவரே படிவத்தில் குறித்துவிடுவார்.

இரண்டாம் முறை சென்னையில் முதலில் ரத்தம் எடுத்தார்கள். பிறகு மீதி ஊசிகள். அரை மணி நேர வேலை. விசாவும் வந்துவிட்டது. நியூஜெர்சியில் முதல் விருந்து சகலை வீட்டில்தான் என்று மனைவி தீர்மானித்துவிட்டாள்; மண்டியில் தேர்ந்த விரலி மஞ்சள் ஒரு கிலோ அவருக்காகக் கட்டி வைத்திருக்கிறேன். சாப்பாட்டு மேஜையில் அடுத்தவனுக்கு அவர் விசா உபதேசம் தொடங்கினாரானால், அங்கே சுவரில் ஒரு நாட்காட்டி இருக்காதா என்ன?