தலையோட்டுக் கதிர்ப்படமும் அடையாளப் புள்ளிகளும்

ஒரு சொல்லுக்குப் பொருள் கூறுதல் எளிது. அதற்கு வரைவிலக்கணம் கூறுதல் அரிது. இலக்கண நூலார் ஒவ்வொன்றையும் எல்லை வகுத்து உரைத்தமை, கற்போர் பலரும் ஒன்றையே கருதுதற்பொருட்டாம். இத்தேவை மொழிக்கு மட்டும் உரியதன்று. கோணிய பற்களையும் பொருந்தாத தாடைகளையும் ஒழுங்குசெய்யும் பற்சீரமைப்பு மருத்துவர்க்கும் அஃது உரியது. அவர் தலையோட்டின் எக்ஸ்-கதிர்ப் படத்தில் அடையாளப் புள்ளிகளைக் காணும் முறையை இங்கு ஆராய்வாம். பல்மருத்துவம் பயிலப் பேராதனை செல்லும் மாணாக்கர்க்கு இது முற்பாடமாகும். ஏனையோர்க்கு அளத்தல் என்பதன் இயல்பை உணர்த்தும்.

எக்ஸ்-கதிரை 1895 ஆம் ஆண்டில் ஜேர்மனிய அறிஞர் றொன்ஜன் கண்டறிந்தார். எனினும், தலையை ஒரே நிலையில் நிறுத்திப் படமெடுக்கும் முறை 1931 ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. அமெரிக்காவில் புறோட்பென்ற் என்பாரும் ஜேர்மனியில் ஹோவ்ராத் என்பாரும் தனித்தனியே அதனை வெளியிட்டனர். இம்முறையில் இரு செவித் துளைகளிலும் இரு சிறு கோல்கள் பொருந்தத் தலை அசையாது நிற்கும்; கதிர் பக்கவாட்டிலிருந்து செல்லும். ஆதலின், ஒரு பிள்ளையின் பத்தாம் வயதுப் படத்தையும் பதினான்காம் வயதுப் படத்தையும் ஒப்பிட்டுத் தாடை வளர்ந்த திசையை அறிதல் கூடுவதாயிற்று.

இனிப் புள்ளிகளை நோக்குவாம். மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி, சேணம் போன்ற ஓர் என்புக் குழியில் அமர்ந்துள்ளது. அக்குழி நிழலின் நடுவே ‘சேலா’ எனப்படும். நெற்றியென்பும் மூக்கென்பும் கூடும் பொருத்தின் முன்னிடம் ‘நேசியன்’ எனப்படும். மூக்கடி முள்ளுக்கும் மேல் முன்பற்களைத் தாங்கும் என்பின் விளிம்புக்கும் இடையே மேற்றாடையில் உள்வளைவு ஒன்று உண்டு. அதன் மிக ஆழ்ந்த இடம் ‘ஏ’ புள்ளியாம். கீழ்த்தாடையில், பல் தாங்கும் விளிம்புக்கும் மோவாய் முனைப்புக்கும் இடைப்பட்ட வளைவின் ஆழ்ந்த இடம் ‘பீ’ புள்ளியாம்.

நேசியனை உச்சியாகக் கொண்டு, சேலாவுக்கும் ஏ புள்ளிக்கும் கோடிழுத்தால் ஒரு கோணம் பிறக்கும். சேலாவுக்கும் பீ புள்ளிக்கும் இழுத்தால் மற்றொன்று பிறக்கும். 1953 ஆம் ஆண்டில் ஸ்ரைனர் என்பார் வெளியிட்ட முறையில், முன்னையதன் இயல்பான அளவு 82 பாகை. பின்னையது 80 பாகை. இவற்றின் வேறுபாடாகிய 2 பாகையே தாடைகளின் இசைவைக் காட்டுவது. அது மிகுந்தால், கீழ்த்தாடையை நோக்க மேற்றாடை முன்னிற்கின்றது என்ப. இவ்வளவுகள் அமெரிக்க வெள்ளையரை அளந்து பெற்றவை; பிற இனத்தார்க்கு அவற்றை அவ்வாறே பொருத்துதல் ஆகாது.

இங்கே ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். நேசியனுக்கும் ஏ புள்ளிக்கும் இடையே 57 மில்லிமீற்றர் உளதெனக் கொள்வோம். ஏ புள்ளியை ஒரு மில்லிமீற்றர் முன்னே தள்ளிக் குறித்தால் கோணம் ஏறத்தாழ ஒரு பாகை மாறும். இரண்டு மில்லிமீற்றர் தள்ளினாலோ 2 பாகை வேறுபாடு 4 பாகையாகித் தோன்றும். இசைவான தாடை இசைவற்றதாய்க் காணப்படும். நல்ல மருத்துவர் ஒரு கோணத்தை மட்டும் கொண்டு முடிவு செய்யார். முகத்தையும் பல் அச்சையும் உடன் நோக்குவர். ஆயினும், பல்லைப் பிடுங்குவதா, விடுவதா எனத் துணியும்போது இவ்வெண்ணும் ஒரு சாட்சியாகின்றது. பிடுங்கிய நிலைப்பல் மீண்டும் முளையாது.

வழு எல்லாப் புள்ளியிலும் ஒரு தன்மையதன்று. ஏ, பீ இரண்டும் மேலிருந்து கீழாகச் செல்லும் வளைவில் உள்ளன. ஆதலின் அவற்றை மேலோ கீழோ தவறிக் குறித்தல் எளிது. நல்வாய்ப்பாக, அத்தவறு மேற்கூறிய கோணங்களைப் பெரிதும் மாற்றாது. ஆனால் முன்பல்லின் வேர்நிழலை என்பின் விளிம்பென மயங்கினால் புள்ளி முன்பின்னாக நகரும். அதுவே கேடு பயப்பது. கீழ்த்தாடையின் பின்மூலை இரு பக்கத்தும் உண்டு. இரண்டு நிழலும் ஒன்றாய்ப் பொருந்தாவிடத்து அவற்றின் நடுவைக் கொள்வர். செவித் துளையின் மேல்விளிம்பைத் திண்ணிய என்பு மறைத்தலின், சிலர் கருவிக் கோலின் நிழலையே கொள்வர். அவ்விரண்டும் ஒன்றல்ல. எதனைக் கொண்டோம் என்பதை எழுதிவைத்தல் வேண்டும்.

இலக்கணத்தார் வழு, வழாநிலை, வழுவமைதி என மூன்றாக வகுத்தனர். இத்துறையிலும் வழுவமைதி உண்டு. 2015 ஆம் ஆண்டில், கணினி தானே 19 புள்ளிகளைக் கண்டறியும் ஆய்வுப் போட்டியொன்று 400 படங்களைக் கொண்டு நடைபெற்றது. அதில் 2 மில்லிமீற்றருக்குட்பட்ட விலகலே ஏற்புடையதெனக் கொள்ளப்பட்டது. அவ்விலகல் எத்திசையில் நேர்ந்தது என்பதையும் நோக்க வேண்டும் என்பதை முன்செய்த கணக்குக் காட்டும். மேலும், அப்போட்டியில் சரியான விடையென வைக்கப்பட்டவை மருத்துவர் இருவர் கையாற் குறித்தவற்றின் சராசரியே. கணினிக்கும் ஆசான் மனிதனே.

ஆகவே, பயில்வோர் கடைப்பிடிக்கத்தக்கன மூன்று. புள்ளியின் பெயரோடு அதன் வரைவிலக்கணத்தையும் ஐயமறக் கற்க. நிழலைத் தொடுமுன் அது எவ்வென்பின் நிழல் என வினவுக. ஒரு படத்தையே வேறொரு நாளில், முதற் குறிப்பைப் பாராது, மீண்டும் குறித்து ஒப்பிடுக. மீட்டும் குறித்தலாற் கைத்தவறு புலப்படும். வரைவிலக்கணத்தைப் பிழைபடக் கொண்டார் தவறோ நூறுமுறை குறிப்பினும் அவ்வாறே நிற்கும். அதனை நீக்க வல்லது கல்வி ஒன்றே.