போன பல்லைத் திரும்பப் பெறலாமா?

 

மருத்துவ உதவி கேட்டு நம் டிரஸ்ட்டுக்கு வருபவர்களில் பல்லுக்காக வருவோர் மிகக் குறைவு. "பல்தானே, பிடுங்கிவிட்டால் போச்சு" என்று இருந்துவிடுகிறோம். ஆனால் கறியையும் கடலையையும் ஒதுக்கிவிட்டுக் கஞ்சியிலேயே காலம் தள்ளும் பெரியவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! ஒரு கடைவாய்ப் பல் போனால் பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாயும். எதிர்ப்பல் நீண்டு வரும். அடியிலுள்ள எலும்பும் தேயும்.

பிடுங்கும் முன்

"இந்தப் பல்லைக் காப்பாற்ற முடியுமா?" என்று டாக்டரிடம் முதலில் கேளுங்கள். சிறிய சொத்தையென்றால் அடைத்தாலே போதும். நரம்புவரை போயிருந்தால் 'ரூட் கேனால்' எனும் வேர் சிகிச்சை உண்டு. அதன்பின் கடைவாய்ப் பல்லுக்குக் கேப் போடாமல் விட்டால் பல் உடையக்கூடும்.

பிள்ளைகள் விழுந்து, முளைத்த நிலைப்பல் வேரோடு வந்துவிட்டால், வேரைத் தொடாமல் பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் செல்லுங்கள். திரும்பப் பொருத்த வாய்ப்புண்டு. பால் பல்லை அப்படிப் பொருத்துவதில்லை.

போன பல்லுக்கு மூன்று வழிகள்

1. பல்செட்: செலவு குறைவு. இரவில் கழற்றிக் கழுவித் தண்ணீரில் போட வேண்டும்.

2. பிரிட்ஜ்: இருபக்கப் பற்களையும் ராவி, அவற்றின் மேல் நிலையாகப் பொருத்துவது.

3. இம்ப்ளாண்ட்: தாடை எலும்பில் டைட்டானியம் திருகு பதித்து அதன்மேல் பல் வைப்பது. 1965 முதல் ஸ்வீடனில் செய்யப்பட்டு வருகிறது. பக்கத்துப் பல்லைத் தொடுவதில்லை. ஆனால் செலவு அதிகம், சில மாதங்கள் ஆகும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் நிலைக்காமல் போகும் அபாயம் கூடுதல்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

"அல்லாஹ்வின் படைப்பை மாற்றலாமா?" என்று தயங்குவோர் உண்டு. அழகுக்காகப் பற்களை ராவி இடைவெளி உண்டாக்குவதையே ஹதீஸ் கண்டிக்கிறது. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் பொருத்திய வெள்ளி மூக்கு நாற்றமெடுத்தபோது, தங்கத்தால் பொருத்திக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியது திர்மிதி, அபூதாவூதில் உள்ளது. பல்லைத் தங்கத்தால் கட்டுவதற்கும் உலமாக்கள் இதையே ஆதாரமாகக் கொண்டனர்.

கடமையான குளிப்பில் வாய் கொப்பளிப்பது ஹனஃபி மத்ஹபில் ஃபர்ளு, ஷாஃபியில் சுன்னத். ஆகவே பல்செட்டைக் கழற்றிக் கொப்பளிப்பதே பேணுதல். நிலையாகப் பதித்த பல்லைக் கழற்றத் தேவையில்லை என்பர் ஆலிம்கள்.

எங்கே செல்வது?

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு உள்ளது. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. தெருவோரத்தில் பக்கத்துப் பல்லோடு ஒட்டிவிடுபவர்களிடம் போகாதீர்கள். ஈறு சீழ்பிடித்து நல்ல பல்லும் போய்விடும்.

வாப்பா, உம்மா வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். இந்த வாரம் நீங்களே கேளுங்கள்: "நல்லா மென்னு சாப்பிட முடியுதா?" வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக, ஆமீன்.