அடுத்த டாக்டருக்கு என்ன தெரிய வேண்டும்?

பாம்புக்கடி என்று யாரையாவது தூக்கி வந்தால் நான் முதலில் கேட்பது, எத்தனை மணிக்குக் கடித்தது என்பதைத்தான். கூட வந்தவர்கள் பாம்பின் நிறம், நீளம் எல்லாம் சொல்வார்கள். மணி மட்டும் வராது. "மாடு கறந்துட்டு வர்றப்போ சிஸ்டர்" என்பார்கள். பால் சொசைட்டிக்குப் போகும் முன்னா, பின்னா என்று கேட்டால் ஏறக்குறைய சரியான நேரம் கிடைத்துவிடும். திண்டிவனம், மயிலம் பக்கத்துக் கிராமங்களில் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியராக இருந்து நான் பழகிக்கொண்ட கேள்வி இது.

பிறகு ரத்தத்தைச் சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்போம். உறையாமல் ஓடினால் டாக்டர் விஷமுறிவு மருந்தைத் தொடங்கச் சொல்வார். உறைந்துவிட்டால் நிம்மதி என்று இருந்துவிடவும் கூடாது. நாகமும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்குபவை. இமை தொங்குகிறதா, பேச்சு குழறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பும்போது கடித்த நேரம், சோதனை செய்த நேரம், முதல் குப்பி ஏற்றிய நேரம், மொத்தம் எத்தனை குப்பி என்ற நான்கும் ரெஃபரல் சீட்டில் தெளிவாக இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பலர் ஜிப்மருக்கே போக விரும்புவார்கள். அது புதுச்சேரியில் இருக்கும் மத்திய அரசு மருத்துவமனை. நாங்கள் இங்கே கம்ப்யூட்டரில் பதிந்தது அங்கே திரையில் தானாக வந்து நிற்காது. அதனால் சீட்டை உறவினரின் செல்போனில் படமெடுக்கச் சொல்லிவிட்டுத்தான் வண்டியில் ஏற்றுவேன்.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. நல்ல முடிவு. எங்கே அதிகம் கடிக்கிறது என்று தெரிந்தால்தான் மருந்தை அங்கே கொண்டுபோய் வைக்க முடியும். ஆனால் பதிவுக்கு ஒரு வரிசை உண்டு: முதலில் நோயாளி, அடுத்து சீட்டு, வண்டி புறப்பட்ட பிறகே கம்ப்யூட்டர். திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு இமை தொங்குவது தெரியாது.

டிஜிட்டல் பதிவால் பெரிய பயன் எதில் என்று கேட்டால், தயங்காமல் பிரசவத்தில் என்பேன். கர்ப்பிணிகளைப் பதியும் பிக்மி முறை 2008 முதல் நம் மாநிலத்தில் இருக்கிறது. அதில் கிடைக்கும் 12 இலக்க ஆர்.சி.எச். எண், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்கு வந்துவிடுவாள். ஏழு மாதம் பார்த்த விவரமெல்லாம் மாமியார் ஊரில் இருக்கும். நடுராத்திரி தலைவலி, கண் மங்கல், பிரஷர் 160/110 என்று வந்து நிற்கும்போது, முன்பு பிரஷர் எவ்வளவு, ரத்த வகை என்ன, ஹீமோகுளோபின் எவ்வளவு என்பதை அந்த எண்தான் எடுத்துத் தரும்.

அப்போது டாக்டர் சொன்னதும், வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் சல்பேட் முதல் டோஸ் போடுகிறோம்: சிரை வழியாக 4 கிராம், பிட்டத்தில் இரண்டு பக்கமும் தலா 5 கிராம். இதன் அளவும் நேரமும் சீட்டில் இல்லாமல் போய், பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடி முழு டோஸ் போட்டால் மூச்சே நின்றுபோகலாம். ஆர்.சி.எச். எண்ணைக் கணவர் போனில் மட்டும் வைக்காதீர்கள். அவர் வேலைக்குப் போன ஊரில் இருப்பார். பெண்ணின் அம்மா போனிலும் இருக்கட்டும்.

2024 டிசம்பர் முதல் நாள் ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. மறுநாள் அரசூரில் வெள்ளம் ஏறி சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலேயே போக்குவரத்து நின்றது. கரண்டும் டவரும் இல்லாத நேரத்தில் எந்தப் பதிவைத் திறப்பது? மழை எச்சரிக்கை வந்த உடனே, இரண்டு வாரத்துக்குள் பிரசவத் தேதி உள்ளவர்களின் பட்டியலை ஊர், போன் எண், ரத்த வகையோடு அச்செடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டுவிட வேண்டும். அவர்களை முன்கூட்டியே கொண்டுவந்து சேர்க்கவும் அந்தப் பட்டியல்தான் கைகொடுக்கும்.

இதே நெடுஞ்சாலையில் விபத்து என்றால் 108 ஆம்புலன்ஸுக்குச் சொல்லும்போது ஊர்ப் பெயரோடு, சென்னை போகிற பக்கமா, திருச்சி போகிற பக்கமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நடுவில் தடுப்பு இருக்கிற சாலை. எதிர்ப்பக்கம் வந்துவிட்டால் வண்டி அடுத்த திருப்பம்வரை போய்த்தான் திரும்ப வேண்டும். 2021 டிசம்பர் 18 அன்று பக்கத்து மேல்மருவத்தூரில்தான் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தைத் தொடங்கினார்கள். விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். ரேஷன் கார்டையும் ஆதாரையும் தேடி வீட்டுக்கு ஆளனுப்பிவிட்டு ஆம்புலன்ஸை நிறுத்தி வைக்காதீர்கள்.