கம்பு பிடிக்க எது வயசு?



ஞாயிற்றுக்கிழமை காலையில் டவுன் பக்கம் போனால், வெள்ளை உடுப்பும் கலர் பெல்ட்டும் கட்டிய பிள்ளைகளைப் பார்க்கலாம். சில தோட்டங்களில் பின்னேரம் கோயில் வாசலில் கம்பு சுத்தும் சத்தம் கேட்கும். "நம்ம புள்ளையையும் சேத்துவிடலாமா? எத்தனை வயசுல சேக்கணும்?" என்று தாய் தகப்பன்மார் பலர் கேட்கிறார்கள். இந்தப் பாடம் அதைப் பற்றியதுதான்.

ஒரு குடும்பத்தை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். தகப்பன் இஸ்டோரில் வேலை. தாய் கொழுந்து எடுக்கிறவர். மகளுக்கு ஒன்பது வயசு, மகனுக்கு ஐந்து. ஒரு நாள் இரவு தகப்பன் சொல்கிறார்:

"பயலைக் கராத்தேக்குப் போடுவோம். பள்ளிக்கூடத்துல அடி வாங்கிட்டு வந்து அழுவுறான்."

"ஏங்க, அவனுக்கு இன்னும் சப்பாத்து லேஸ் கட்டத் தெரியல. அங்க போனா அடிக்கத்தான் கத்துக்குவான்" என்கிறார் தாய்.

பக்கத்தில் இருந்து பாடம் எழுதும் மகளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இந்த இருவரில் யார் சொல்வது சரி? பார்ப்போம்.

பழைய ஆசான்மார் என்ன செய்தார்கள்?

சிலம்பம் நமக்குப் புதிது இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் முன்னோர்கள் தப்பு, காமன் கூத்து ஆகியவற்றோடு கம்பு விளையாட்டையும் இந்த மலைக்குக் கொண்டுவந்தார்கள். சிலம்ப வாத்தியார்மார் பலர் முதலில் காலடியைத்தான் பழக்குவார்கள். கால் நிலைத்த பிறகுதான் கம்பு வீச்சு, அதற்கும் பிறகுதான் எதிராளி. கம்பும் பிள்ளையின் அளவுக்குத்தான் இருக்க வேண்டும். புருவம் வரை வந்தால் போதும். பெரியவர்களின் கம்பைச் சின்னப் பிள்ளையிடம் கொடுத்தால் தோளும் மணிக்கட்டும்தான் நோகும்.

கேரளத்துக் களரியில் ஏழு வயதில் சேர்ப்பது பழைய வழக்கம். வடகரையைச் சேர்ந்த மீனாட்சி அம்மா ஏழு வயதில் களரிக்குள் போனவர். எழுபது வயதைத் தாண்டிய பிறகும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். 2017 இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. "பொம்பளைப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு அவரே பதில்.

கராத்தே பிறந்த ஒக்கினாவா தீவில், 1900களின் தொடக்கத்தில் இட்டோசு அங்கோ என்ற ஆசான் அந்தக் கலையைப் பாடசாலைக்குள் கொண்டுவந்தார். பெரியவர்களின் பயிற்சியை அப்படியே பிள்ளைகள் மேல் சுமத்தாமல், மாணவர்களுக்கு ஏற்றபடி இலகுவான அசைவுகளாகப் பிரித்து அமைத்தார். பிள்ளை வேறு, பெரியவர் வேறு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அப்படியானால் எத்தனை வயது?

நான்கு, ஐந்து வயதில் ஓட்டம், குதிப்பு, உருளுதல், ஒற்றைக் காலில் நிற்பது போன்ற விளையாட்டே போதும். ஆறு, ஏழு வயதில்தான் பெரும்பாலான பிள்ளைகள் சொல்வதை வரிசையாகக் கேட்டுச் செய்யத் தொடங்குகின்றன. ஆனால் ஒரே வயதுப் பிள்ளைகள் எல்லாம் ஒன்று போல இருப்பதில்லை. அதனால் பிறந்த திகதியை மட்டும் பார்க்காமல் பிள்ளையையும் பார்க்க வேண்டும்.

கீழே உள்ள ஐந்தையும் வீட்டிலேயே பார்க்கலாம்:

1. பதினைந்து, இருபது நிமிடம் ஒரு காரியத்தில் நிற்குமா? தன் முறை வரும் வரை பொறுத்திருக்குமா?

2. ஓடி விளையாடும்போது "நிப்பாட்டு" என்றால் உடனே நிற்குமா? ஐந்தில் மிக முக்கியமானது இதுதான். நிற்கத் தெரியாத பிள்ளையிடம் கம்பு கொடுத்தால் பக்கத்துப் பிள்ளைக்குத்தான் ஆபத்து.

3. விளையாட்டில் தோற்றால் கொஞ்சம் அழுதுவிட்டு மறுபடி வருமா? அல்லது அடிக்கப் போகுமா?

4. தாயை விட்டு ஒரு மணித்தியாலம் இருக்குமா? "வலிக்குது", "கக்கூசுக்குப் போகணும்" என்று வேறு ஒருவரிடம் வாய் திறந்து சொல்லுமா?

5. ஆசை பிள்ளையுடையதா, நம்முடையதா?

ஐந்தில் இரண்டு மூன்று இன்னும் வரவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம். ஆறு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். பிந்திச் சேர்வதால் பிள்ளைக்கு நட்டம் ஒன்றும் இல்லை.

உடம்பு தயாரா?

2016 ஆம் ஆண்டின் தேசிய குடிசன, சுகாதார அளவீட்டின்படி, தோட்டப் பகுதியில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஆகவே முதலில் கிளினிக் அட்டையை எடுத்துப் பாருங்கள். நிறை குறைவாக இருந்தால் மருத்துவிச்சி அம்மாவிடம் கேட்டு, சாப்பாட்டைச் சரிசெய்யுங்கள். வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்குத் தலைதான் சுத்தும். ரொட்டியோடு பருப்போ, முட்டையோ, கடலையோ சேரட்டும். பூச்சி மருந்தும் உரிய நேரத்தில் கொடுத்திருக்க வேண்டும்.

முட்டு வருத்தம், வலிப்பு, இருதயக் கோளாறு உள்ள பிள்ளை என்றால் டொக்டரிடம் கேட்காமல் சேர்க்க வேண்டாம். நம்முடைய குளிரில் முட்டு சீக்கிரம் கிளம்பும். ஆனால் மருந்தை ஒழுங்காகப் பாவித்து, டொக்டரும் சம்மதித்தால், அப்படிப்பட்ட பிள்ளையும் பழகலாம்.

தலையில் அடிபடும் பயிற்சி வேண்டவே வேண்டாம். அமெரிக்காவின் குழந்தை மருத்துவர் சங்கம் 2016 இல் இதை ஆராய்ந்தது. ஒருவரை ஒருவர் அடிக்காமல் பழகும் பயிற்சி பிள்ளைகளுக்கு நல்லது என்றும், தலையில் அடிப்பது கூடாது என்றும் சொன்னது. தலைக்கவசம் போட்டாலும் மூளை அதிர்ச்சியைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றும் எச்சரித்தது. தப்பித் தவறி தலையில் பட்டால் அன்றைக்கு மறுபடி பயிற்சியில் இறக்கக் கூடாது. டொக்டரிடம் காட்டுங்கள். வாந்தி, மயக்கம், தூக்கக் கலக்கம், தலைவலி கூடுதல் என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

மாஸ்டரைப் பாருங்கள்

சல்லி கட்டும் முன் இரண்டு வகுப்பைப் போய்ப் பாருங்கள். "பெற்றோர் உள்ளே வரக் கூடாது" என்று சொல்லும் இடத்தில் சேர்க்க வேண்டாம். சின்னப் பிள்ளைகளைப் பெரிய பிள்ளைகளோடு மோதவிடுகிறாரா? தவறு செய்தால் அடிக்கிறாரா, திட்டுகிறாரா? பிள்ளையைத் தனியாகக் கூப்பிடுகிறாரா? பாடசாலையில் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சு 2005 இல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. பயிற்சி என்ற பெயரில் வெளியே அடிப்பதையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. பிள்ளைக்குத் தீங்கு நடக்கிறது என்று சந்தேகம் வந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்குப் பேசலாம்.

செலவையும் முழுதாகக் கேளுங்கள். மாதக் காசு மட்டும் இல்லை. உடுப்பு, பெல்ட் சோதனை, போட்டி, பஸ் காசு எல்லாம் உண்டு. முட்டைக்கும் கொப்பிக்கும் உள்ள காசை எடுத்துப் பெல்ட் வாங்க வேண்டாம்.

அந்த வீட்டில் என்ன நடந்தது?

தாய் மகனைக் கூப்பிட்டு, "கராத்தே படிச்சா என்ன செய்வ?" என்று கேட்டார்.

"அப்பா மாதிரி அடிப்பேன்" என்றான் பிள்ளை.

தகப்பன் வாய் திறக்கவில்லை. சம்பள நாள் இரவுகளில் நடந்ததை எல்லாம் பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கைக்கு என்ன வேலை என்று வீட்டில் முதலில் படித்துவிட்ட பிள்ளைக்கு, எந்த மாஸ்டர் வந்து என்ன சொல்லிக் கொடுக்க முடியும்?

அப்போதுதான் மகள் கேட்டாள்: "அப்பா, நான் போகவா?"

ஐந்து கேள்வியையும் வைத்துப் பார்த்தார்கள். மகளுக்கு ஐந்தும் சரி. கோயில் வாசலில் நடக்கும் சிலம்ப வகுப்பைத் தாய் இரண்டு முறை போய்ப் பார்த்து, அவளைச் சேர்த்தார். மகன் "நிப்பாட்டு" என்றால் நிற்கவில்லை. அடுத்த வருடம் பார்ப்போம் என்று விட்டார்கள். அவன் அடி வாங்கும் விஷயத்துக்குக் கராத்தே மருந்து இல்லை. தகப்பன் ஒரு அரை நாள் லீவு போட்டு, வகுப்பு ஆசிரியரிடம் நேரில் போய்ப் பேசினார். அதைவிடப் பெரிய காரியம் ஒன்றும் செய்தார். "இனி இந்தக் கை வீட்டுல யார் மேலயும் படாது" என்று பிள்ளைகள் முன்னால் மனைவியிடம் சொன்னார். சொன்னதைக் காப்பாற்றுவது இனி அவர் பழக வேண்டிய பயிற்சி.

தகப்பனின் கவலையும் நியாயம், தாயின் பயமும் நியாயம். ஆனால் பிள்ளையைக் கேட்ட பிறகுதான் இருவருக்கும் வழி தெரிந்தது.

குடும்பமாகப் பேசிப் பாருங்கள்

– நம் பிள்ளை "நிப்பாட்டு" என்றால் நிற்கிறதா? நாம் நிற்கிறோமா?

– மகனுக்குக் கேட்டதை மகளுக்கும் கேட்டோமா?

– கிளினிக் அட்டையைக் கடைசியாக எப்போது எடுத்துப் பார்த்தோம்?