முட்டைக்குள்ளே ஒரு பயணம்

கோழிமுட்டையை அடைவைத்து இரண்டாம் நாளளவில், பின்னாளில் முட்டையாகவோ விந்தாகவோ மாறவிருக்கும் கலங்கள் முளையத்தின் இரத்தத்தில் மிதந்து தம் இடம் தேடிப் போகின்றன.

அவற்றின் டி.என்.ஏ. நூல் புரத உருண்டைகளில் சுற்றப்பட்டுள்ளது. இதுவே குரோமற்றின். எந்த ஜீன் விழித்திருக்கும், எது உறங்கும் என்பதை அதிலுள்ள இரசாயனக் குறிகள் காட்டும். இக்கலங்கள் வளரும்போது அக்குறிகள் திருத்தி எழுதப்படுகின்றன. ('ஜீன்' என்ற சொல்லை 1909 இல் தந்தவர் டென்மார்க்காரர் வில்ஹெல்ம் யோஹான்சன்.)

மனிதரில் இக்கலங்கள் கருவின் மூன்றாம் கிழமையளவில் தோன்றுகின்றன. தாய்க்கே அப்போது தெரிந்திராது! ஆகவே சகோதரிகளே, புகைத்தலையும் மதுவையும் குழந்தை வேண்டுமென நினைக்கும்போதே நிறுத்துங்கள். பிள்ளையின் முள்ளந்தண்டு சரியாக மூடாத குறைபாட்டைத் தவிர்க்க, அன்றிலிருந்தே 12 ஆம் கிழமைவரை தினமும் 400 மைக்ரோகிராம் போலிக் அமிலம் எடுக்கும்படி டென்மார்க் சுகாதாரத் துறை சொல்கிறது. ரண்டர்ஸில் உங்கள் குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள்.