கோலத்தில் எழும் களிறு

கும்பகோணத்தை அடுத்த தாராசுரத்தில், இரண்டாம் இராசராசன் 12ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஐராவதீசுவரர் கோயிலில் சிறு புடைப்புச் சிற்பம் ஒன்று உள்ளது. களிறும் காளையும் எதிரெதிரே நிற்கின்றன. உடல்கள் இரண்டு, தலையோ ஒன்று. களிற்றின் உடலைக் கையால் மறைத்தால் அத்தலை காளையுடையதாகிறது. காளையை மறைத்தால் களிற்றினுடையதாகிறது. இரு விலங்குகளுக்கும் பொதுவான கோடுகள் எவை எனத் தேர்ந்து, அவற்றை மட்டும் கல்லில் விட்டுவைத்திருக்கிறான் சிற்பி.

இன்று கணினித் திரையில் விலங்குருவையும் மரபுக் குறிகளையும் இணைத்து வரைவோர் பலர். மயில் தோகைக்குள் தாமரை, புலியின் முதுகில் சங்கு, குதிரையின் வயிற்றில் குத்துவிளக்கு எனப் படங்கள் பெருகியுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை ஒட்டுவேலைகளே. விளக்கை நீக்கிவிட்டு அவ்விடத்தில் வேறொன்றை வைத்தாலும் குதிரைக்கு எதுவும் நேராது. விளக்கும் தன் பொருளை இழந்து வெற்றிடம் நிரப்பும் பொருளாகிவிடுகிறது. வெட்டி ஒட்டுதல் ஒரு சொடுக்கில் முடிந்துவிடுவதால் இக்குறை எளிதில் நேர்கிறது. இதைக் கடக்கும் வழியைக் களிறு, சிக்குக்கோலம் ஆகிய இரண்டையும் கொண்டு காண்போம்.

கோலமும் கணினியும்

சிக்குக்கோலத்தின் இலக்கணம் எளியது. புள்ளிகள் சம இடைவெளியில் இடப்படும். கோடு புள்ளியைத் தொடாமல் சுற்றி வளைந்து, தொடங்கிய இடத்திற்கே வந்து மூடும். கோலமிடுபவர் நினைவில் வைத்திருப்பவை புள்ளிகளின் எண்ணிக்கையும் கோடு திரும்பும் இடங்களுமே. ஆதலால், அன்றாட வாசலில் முழ அளவில் அமையும் கோலம் மார்கழியில் தெருவை அடைத்து விரிந்தாலும் வடிவம் சிதைவதில்லை.

கணினி வரைகலையிலும் இத்தன்மை உண்டு. பிக்சல் எனப்படும் படப்புள்ளிகளால் ஆன படத்தைப் பெரிதாக்கினால் விளிம்புகள் படிக்கட்டாக உடையும். வெக்டார் எனப்படும் திசையன் முறையோ, வளைவு எங்கே தொடங்கி எவ்வாறு திரும்புகிறது என்னும் கணக்கை மட்டும் சேமிக்கிறது. எவ்வளவு பெரிதாக்கினும் கோடு கோடாகவே நிற்கும். சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர்களான கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970களிலேயே கோலங்களைக் கணினி அறிவியலின் வரிசை இலக்கணங்களோடு பொருத்தி ஆராய்ந்தனர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. ஆகவே, நம் படத்திற்குத் திசையன் முறையே பொருந்தும். இங்க்ஸ்கேப் போன்ற கட்டற்ற மென்பொருள் இதற்குப் போதுமானது.

களிற்றை அமைத்தல்

முதலில் களிற்றின் புறவடிவை ஓர் அடுக்கில் வரைந்து, முழுவதும் கருமை நிரப்புக. உள்விவரம் ஏதுமின்றியே மத்தகமும் செவியும் தும்பிக்கையும் அடையாளம் காட்ட வேண்டும்; காட்டாவிடில் எவ்வளவு அழகிய கோலமும் அதைக் காப்பாற்றாது. அதன்மேல் வேறோர் அடுக்கில் புள்ளிகளை இடுக. முதுகுக்கும் வயிற்றுக்கும் இடையே ஐந்தாறு வரிசைகள் போதும். குறைந்தால் களிறு தோன்றாது; மிகுந்தால் வலை போர்த்தியதுபோல் ஆகும்.

இனிவரும் படிநிலைதான் முதன்மையானது. ஆயத்தமாக உள்ள கோலம் ஒன்றைக் களிற்றின் வடிவில் வெட்டிப் பொருத்த மென்பொருளில் வசதி உண்டு. அதை நாடினால் விளிம்பெங்கும் கோடு அறுந்து தொங்கும். அறுந்த கோடு சிக்குக்கோலம் ஆகாது. மாறாக, விளிம்பின்மேல் விழும் புள்ளிகளை நீக்கிவிட்டு, உள்ளே எஞ்சிய கடைசிப் புள்ளிகளைச் சுற்றிக் கோட்டை உட்புறமாகத் திருப்புக. அத்திருப்பங்களே முதுகாகவும் வயிறாகவும் அமையும். தும்பிக்கைக்கு ஒற்றை வரிசைப் புள்ளிகள் போதும்; கோடு பின்னலாக இறங்கி, நுனியில் திரும்பி ஏறும். அங்கு மட்டும் புள்ளிகள் நேர்வரிசையை விட்டு வளையலாம். இடைவெளி மாறாதவரை இம்மீறல் உறுத்துவதில்லை. கோட்டால் சூழப்பட்ட ஒரு புள்ளியைச் சற்றே பெரிதாக்கினால் கண் கிடைத்துவிடும். தந்தத்திற்குப் புள்ளியே வேண்டா. இரு வளைவுகளுக்கு இடையிலான வெற்றிடம் போதும்.

பாதியை வரைந்தால் மறுபாதியைத் தானே வரைந்து தரும் சமச்சீர்க் கருவி, பக்கவாட்டில் நிற்கும் களிற்றுக்கு உதவாது. முகத்தை நேராகக் காட்டும் படத்திற்கே அது பயன்படும்.

வரைந்து முடித்ததும், அடியிலுள்ள கருநிறப் புறவடிவ அடுக்கை மறைத்துப் பார்க்க. தாராசுரத்தில் கையால் மறைத்துப் பார்ப்பதை ஒத்த சோதனை இது. கோடுகள் மட்டும் எஞ்சிய நிலையிலும் களிறு நிற்குமாயின் இரண்டும் கலந்துவிட்டன; நில்லாதாயின், செவியின் மடிப்பிலோ மத்தகத்தின் வளைவிலோ புள்ளிகளின் இடம் மாற வேண்டும்.

வண்ணத்தில் சிக்கனம் நன்று. காவி நிறப் பின்புலத்தில் அரிசிமாவின் வெண்மை போதும். முடிந்த படத்தை எஸ்விஜி கோப்பாகச் சேமித்தால், அஞ்சலட்டை அளவிலும் பள்ளி ஆண்டுவிழாப் பதாகை அளவிலும் அதே கோடு கூர்மை குன்றாமல் அச்சாகும்.